தென்னை மரம் ஒன்று, ஜன்னல் நான்கு



கவிதைப் பக்கம், ஜோக் பக்கம், குரூப் போட்டோ எல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் இந்தப் பக்கத்துக்கு வருவீர்கள் என்று எனக்குத் தெரியும். நானும் மாணவனாக இருந்தபோது அப்படித்தான். பரவாயில்லை, வந்துவிட்டீர்கள் இல்லையா? ஒரு ஐந்து நிமிஷம் உட்காருங்க.

மலருக்கு எழுதச் சொன்னதும் நட்பு, தன்னம்பிக்கை என்று ஏதாவது எழுதலாம் என்று யோசித்தேன். அதையெல்லாம் எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். அதனால் எனக்குச் சோறு போடுகிற விஷயத்தையே எழுதுகிறேன். நான் மெக்கானிக்கல் டிப்ளமா முடித்த ஒரு டிராஃப்ட்ஸ்மேன். ஆட்டோகேட் திரையின் அடியில் 'மாடல்' என்ற டேபுக்குப் பக்கத்தில் 'லேஅவுட்1', 'லேஅவுட்2' என்று இரண்டு டேப் இருக்கும். பார்த்திருப்பீர்கள். தெரியாமல் அதில் கிளிக் ஆகி, திரை வெள்ளையாக மாறியதும் பயந்துபோய் மறுபடி மாடலுக்கே ஓடி வந்திருப்பீர்கள்! எங்களிடம் வேலைக்குச் சேருகிற தம்பிகள் பத்துப் பேரில் எட்டுப் பேர் அப்படித்தான் சொல்கிறார்கள்.

அந்த வெள்ளைத் திரையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. "இதெல்லாம் ஒரு விஷயமா அண்ணே?" என்று கேட்காதீர்கள். 16 தூண், ஒரு வாடகை கிரேன், ஐந்து பேரின் பொங்கல் செலவு, இவ்வளவும் இதற்குள் இருக்கிறது. அதை நடுவில் சொல்கிறேன்.

போர்டும் திரையும்

டிராயிங் ஹாலில் ஷீட்டை போர்டில் மாட்டியதும் நாம் முதலில் செய்வது என்ன? ஸ்கேல் முடிவு பண்ணுவதுதான். 35 மீட்டர் நீளமுள்ள ஒரு ஷெட்டை முழு அளவில் வரைய எந்தக் கடையிலும் ஷீட் கிடைக்காது. எனவே 1:100 என்று வைத்துக்கொண்டு 350 மில்லிமீட்டரில் கோடு போடுவோம். பென்சில் பேப்பரைத் தொடும் முன்பே ஸ்கேல் முடிவாகிவிட வேண்டும். பிறகு மாற்ற முடியாது. மாற்றினால் புது ஷீட்தான், புது இரவுதான்!

கம்ப்யூட்டரில் கதை தலைகீழ். மாடல் ஸ்பேஸ் என்பது எல்லையில்லாத மைதானம். ஷெட் 35 மீட்டர் என்றால் 35000 என்றே அடிக்கலாம். அதாவது, அங்கே நாம் வரைவது படம் இல்லை, பொருள். பேப்பர் எவ்வளவு பெரியது, ஸ்கேல் என்ன என்ற கவலையே அங்கே தேவையில்லை. அந்தக் கவலைகளுக்கென்றே ஒதுக்கிய தனி அறைதான் லேஅவுட்.

ஆட்டோகேட் 1982-இல் வெளிவந்தபோது இந்த அறை கிடையாது. 1990-இல் வந்த ரிலீஸ் 11-இல்தான் பேப்பர் ஸ்பேஸ் என்ற பெயரில் முதலில் வந்தது. அப்போது ஒரு ஃபைலுக்கு ஒரே ஒரு பேப்பர்தான். 1999-இல் வந்த ஆட்டோகேட் 2000-இல்தான் இன்று நாம் பார்க்கிற லேஅவுட் டேபுகள் வந்தன. ஒரே ஃபைலில் எத்தனை ஷீட் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்று ஆனது. ஆனால் பழக்கம் என்று ஒன்று இருக்கிறதே! வசதி வந்து பல வருஷம் ஆன பிறகும் எத்தனையோ ஆபீஸ்களில் எல்லாவற்றையும் மாடலிலேயே வரைந்து, பார்டரை நூறு மடங்கு பெரிதாக்கிச் சுற்றிப் போட்டு பிரிண்ட் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

தென்னை மரக் கணக்கு

வியூபோர்ட் என்றால் என்ன என்று புதுசாகச் சேருகிற தம்பிகளுக்கு நான் இப்படித்தான் சொல்வேன். ஒரு மாடி வீடு. வீட்டுக்குப் பின்னால் ஒரே ஒரு தென்னை மரம். கீழ் அறை ஜன்னலைத் திறந்தால் அடிமரம் தெரியும். மாடி ஜன்னலைத் திறந்தால் குலை தெரியும். பக்கத்து வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தால் தூரத்தில் முழு மரமும் சின்னதாகத் தெரியும். ஜன்னல் பல, மரம் ஒன்று. யாராவது ஏறி இரண்டு காய் பறித்தால், குலை தெரிகிற எல்லா ஜன்னலிலும் அந்த நிமிஷமே இரண்டு காய் குறைந்துவிடும். ஜன்னலைத் திருத்த வேண்டும் என்று யாருமே சொல்ல மாட்டோம்.

மாடல் ஸ்பேஸ்தான் தோட்டம். லேஅவுட்தான் சுவர். சுவரில் வெட்டி வைக்கிற ஜன்னல்தான் வியூபோர்ட். ஒவ்வொரு ஜன்னலுக்கும் தனி ஸ்கேல் கொடுக்கலாம். அவ்ளோதான் விஷயம்!

பழைய முறை எப்படி என்றால், ஜன்னலே வைக்காமல் ஒவ்வொரு சுவரிலும் மரத்தைப் படமாக வரைந்து வைப்பது. காய் பறித்த செய்தி அந்தப் படங்களுக்கு எட்டாது. யாராவது போய் ஒவ்வொரு படத்திலும் காயை அழிக்க வேண்டும். ஒன்றில் அழிக்க மறந்தால்...?

பதினாறு தூண்கள்

மறந்தால் என்ன ஆகும் என்பதை நான் நேரில் பார்த்தேன். 2003-ஆம் வருஷம், திருச்சிப் பக்கம் ஒரு ஃபேப்ரிகேஷன் கம்பெனியில் பயிற்சிக்குச் சேர்ந்திருந்தேன். பெயர் வேண்டாம். நல்ல மனிதர்கள்தான். அங்கே 35 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலத்தில் ஒரு ஷெட் வேலை ஏற்கனவே நடந்துகொண்டிருந்தது. பக்கத்துக்கு எட்டாக 16 தூண். ஒவ்வொரு தூணுக்கு அடியிலும் 300-க்கு 300 பேஸ் பிளேட், அதில் எம்20 போல்ட்டுக்கு நான்கு ஓட்டை.

டிராயிங்கை மாடலிலேயே போட்டிருந்தார்கள். பிளான் 1:100-க்குக் கணக்கு. பேஸ் பிளேட்டை 1:5-இல் பெரிதாகக் காட்ட வேண்டுமே? தட்டைக் காப்பி எடுத்து, ஓரமாக வைத்து, 20 மடங்கு ஸ்கேல் பண்ணிவிட்டார்கள். அப்படிச் செய்தால் 180 என்ற அளவு 3600 என்று காட்டும். அதனால் டைமென்ஷனில் நம்பரை அழித்துவிட்டுக் கையாலேயே 180 என்று அடித்திருந்தார்கள்.

வேலை தொடங்கும் முன் ஒரு சின்ன மாற்றம். நட்டை முடுக்கும்போது ஸ்பேனர் திரும்ப இடம் போதாது என்று ஓட்டைகளின் இடைவெளியை 180-லிருந்து 200 ஆக்கினார்கள். நியாயமான மாற்றம்தான். பிளானில் மாற்றினார்கள். அதிலிருந்து எடுத்த போல்ட் பிளான் சிவில் வேலைக்காரர்களுக்குப் போனது. அவர்கள் 200 என்று அஸ்திவார போல்ட்டைப் பதித்து கான்கிரீட் போட்டார்கள். ஓரத்தில் இருந்த பெரிய காப்பியை யாரும் தொடவில்லை. அந்த டீடெயில் ஷீட் மட்டும் டிரில்லிங் பகுதிக்குப் போனது. அதில் 180.

2004 பொங்கலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது தூண்கள் சைட்டுக்குப் போயின. கிரேன் முதல் தூணைத் தூக்கி போல்ட் மேல் இறக்கியது. உட்காரவில்லை. இரண்டாவது தூண். அதுவும் உட்காரவில்லை. கிரேன் டிரைவர் இன்ஜினை ஆஃப் பண்ணிவிட்டு பீடி பற்ற வைத்தார். வாடகை மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.

ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாக்கினால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். போதாது. ஒவ்வொரு ஓட்டையும் இரண்டு திசையிலும் 10 மில்லிமீட்டர் நகர வேண்டும். மூலைவிட்டத்தில் சுமார் 14. ஓட்டையின் விட்டம் 24. புது ஓட்டை பழைய ஓட்டையின் மேலேயே விழும். வேறு வழியில்லாமல் 16 தட்டையும் கேஸ் கட்டிங்கில் வெட்டி எடுத்து, புதுத் தட்டு வெட்டி, ஓட்டை போட்டு, மறுபடி வெல்டிங் பண்ணினார்கள். மூன்று ராத்திரி வேலை.

இதில் என் மனசில் நின்றது தட்டும் இல்லை, கிரேனும் இல்லை. அங்கே ஃபிட்டர் குழுவுக்கு டன் கணக்கில்தான் கூலி. தட்டை வெட்டி மறுபடி ஒட்டினால் டன் கூடுமா? கூடாது. அதனால் அந்த மூன்று ராத்திரிக்கு அந்த ஐந்து பேருக்கும் காசு இல்லை. அதோடு, "வேலை ஆரம்பிக்கும்போதே கேட்டிருக்கலாமே" என்று ஒரு பேச்சு வேறு. மூத்த ஃபிட்டர் அண்ணன் எண்ணெய் படிந்த அந்த டீடெயில் ஷீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: "பேப்பர்ல இருந்ததைத்தானே தம்பி அடிச்சேன். பேப்பர்ல இல்லாததை நான் எங்க போய்ப் பாக்குறது?"

அவர் கேட்டதில் என்ன தப்பு? நம் ஃபைலில் எத்தனை லேயர் இருக்கிறது, எது லேட்டஸ்ட் என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. அவர் கைக்குப் போவது அந்த ஒரு பேப்பர்தான். அந்த பேப்பரை நம்பி அவர் இரும்பை வெட்டுகிறார்.

கொடுமை என்னவென்றால், அந்த ஆபீஸில் இருந்தது 1997-இல் வந்த ரிலீஸ் 14. அதிலேயே பேப்பர் ஸ்பேஸும் இருந்தது, வியூபோர்ட்டும் இருந்தது. யாரும் அந்தப் பக்கம் போனதில்லை.

செய்து பார்ப்போமா?

அதே ஷெட்டை லேஅவுட்டில் எப்படிப் போடுவது என்று வரிசையாகச் சொல்கிறேன். இந்தப் பக்கத்தை லேபுக்கு எடுத்துக்கொண்டு போனால் இன்னும் நல்லது.

முதலில் மாடல் ஸ்பேஸில் எல்லாமே முழு அளவு, மில்லிமீட்டரில். பேஸ் பிளேட்டை ஒரு பிளாக்காகச் செய்து 16 இடத்திலும் அதையே வையுங்கள். ஒன்றைத் திருத்தினால் பதினாறும் திருந்தும்.

அடுத்தது லேஅவுட் டேப். அதில் ரைட் கிளிக் பண்ணி, பேஜ் செட்டப் போய், பிரிண்டரையும் பேப்பரையும் சொல்லுங்கள். இந்த ஷெட்டுக்கு ஏ1 எடுத்துக்கொள்வோம், 841-க்கு 594. பிளாட் ஸ்கேல் எப்போதும் 1:1. இங்கேதான் பலர் குழம்புவார்கள். ஷெட் 1:100 ஆச்சே, பிளாட் எப்படி 1:1 என்று கேட்பார்கள். லேஅவுட்டில் இருப்பது பேப்பர். பேப்பரின் அளவு பேப்பரின் அளவேதான். சின்னதாகக் காட்டுகிற வேலை ஜன்னலுடையது, சுவருடையது இல்லை.

பார்டரும் டைட்டில் பிளாக்கும் லேஅவுட்டில்தான் வர வேண்டும். அதுவும் நிஜ அளவில். நாம் டிராயிங் ஹாலில் போட்ட அதே 185-க்கு 65 கட்டம்தான். நூறு மடங்கு பெரிதாக்கும் வேலையே கிடையாது.

இப்போது ஜன்னல் வெட்ட வேண்டும். வியூபோர்ட்டுக்கென்று ஒரு தனி லேயர் போட்டு, அந்த லேயர் பிரிண்டில் வராதபடி அணைத்து வையுங்கள். இல்லையென்றால் ஜன்னல் சட்டமும் கோடாக பிரிண்டில் வரும். பிறகு எம்வியூ கட்டளையில் நான்கு ஜன்னல். நம் ஊர் வழக்கம் ஃபர்ஸ்ட் ஆங்கிள், எனவே எலிவேஷன் மேலே, பிளான் கீழே, இரண்டும் 1:100. பிளான் பேப்பரில் 350-க்கு 120 வரும். வலது பக்கம் ஒரு ஃபிரேம் 1:50-இல், 12 மீட்டர் அகலம் 240 ஆகிவிடும். 350-உம் 240-உம் சேர்ந்து 590. ஓரம் போக நமக்கு சுமார் 800 இருக்கிறது, தாராளம். நான்காவது ஜன்னல் பேஸ் பிளேட், 1:5-இல் 60 மில்லிமீட்டர்.

ஸ்கேல் கொடுக்க, ஜன்னலின் சட்டத்தைத் தேர்ந்தெடுத்து பிராப்பர்ட்டீஸில் ஸ்டாண்டர்டு ஸ்கேல் என்ற இடத்தில் சொல்லலாம். கை பழகியவர்கள் ஜன்னலுக்குள் டபுள் கிளிக் பண்ணி, ஜூம் கொடுத்து 1/100எக்ஸ்பி என்று அடிப்பார்கள். இரண்டும் ஒன்றுதான்.

ஸ்கேல் கொடுத்த கையோடு பூட்டிவிடுங்கள். டிஸ்ப்ளே லாக்டு என்பதை எஸ் என்று மாற்றினால் போதும். பூட்டாத ஜன்னலுக்குள் தெரியாமல் மவுஸ் வீலை உருட்டினால் 1:100 என்பது கண்ட ஸ்கேலாக மாறிவிடும், டைட்டில் பிளாக்கில் மட்டும் 1:100 என்றே நிற்கும். பார்க்கிறவருக்கு வித்தியாசமே தெரியாது. அதுதான் ஆபத்து.

அடுத்து, எந்த ஜன்னலில் எது தெரிய வேண்டும் என்பது. 24 மில்லிமீட்டர் ஓட்டை 1:100-இல் கால் மில்லிமீட்டர்கூட வராது, மைப் புள்ளி மாதிரி அசிங்கமாக இருக்கும். ஓட்டைகளைத் தனி லேயரில் வைத்து, பிளான் ஜன்னலுக்குள் நின்றுகொண்டு, லேயர் பட்டியலில் வியூபோர்ட் ஃப்ரீஸ் என்ற இடத்தில் அணைத்துவிடுங்கள். அந்த ஜன்னலில் மட்டும் மறையும், 1:5 ஜன்னலில் பளிச்சென்று தெரியும். சிவில் தம்பி தங்கைகளுக்கு இது இன்னும் பயன்படும். சுவர் ஒன்று, ஒரு ஜன்னலில் பிளம்பிங், இன்னொன்றில் வயரிங். வீட்டை இரண்டு தடவை வரைய வேண்டாம்.

சென்டர் லைன் ஒரு ஜன்னலில் நெருக்கமாகவும் இன்னொன்றில் ஒரே கோடாகவும் தெரிந்தால் பதற வேண்டாம். எல்டிஸ்கேல் 1, பிஎஸ்எல்டிஸ்கேல் 1 என்று வைத்து ரீஜென்ஆல் கொடுங்கள். எல்லா ஜன்னலிலும் ஒரே அளவு கோடும் இடைவெளியும் வரும்.

எழுத்து அளவுதான் கடைசிச் சிக்கல். பேப்பரில் 3.5 மில்லிமீட்டர் உயரம் வேண்டும் என்றால், மாடலில் 1:100-க்கு 350, 1:50-க்கு 175, 1:5-க்கு 17.5 என்று வைக்க வேண்டும். இந்தத் தலைவலிக்காகத்தான் ஆட்டோகேட் 2008-இல் அனோட்டேட்டிவ் என்ற வசதியைக் கொடுத்தார்கள். எழுத்து தானே ஜன்னலின் ஸ்கேலுக்குத் தக்கபடி மாறிக்கொள்ளும். சில ஆபீஸில் டைமென்ஷனை லேஅவுட்டிலேயே போடுவார்கள். எது என்றாலும் சரி, ஒரு ஃபைலில் ஒரே பழக்கத்தில் நில்லுங்கள். ஆனால் டைமென்ஷன் நம்பரைக் கையால் மட்டும் அடிக்காதீர்கள்! அளந்து சொல்ல வேண்டிய கம்ப்யூட்டரின் வாயை மூடிவிட்டு, அதன் பெயரில் நாமே பேசுவதற்குச் சமம் அது.

இது மந்திரம் இல்லை

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். வியூபோர்ட் போட்டால் தப்பே வராது என்று நான் சொல்லவில்லை. 2டி-யில் பிளானும் எலிவேஷனும் தனித்தனி வரைபடங்கள்தான். பிளானில் தூணை நகர்த்தினால் எலிவேஷனில் தானாக நகராது, நாம்தான் நகர்த்த வேண்டும். 3டி மாடல் போட்டு அதிலிருந்து வியூ எடுக்கிறவர்களுக்கு அந்தத் தொல்லையும் குறைவு. ஆனால் பேஸ் பிளேட் போல, ஒரே இடத்தைப் பெரிதாக்கிக் காட்டுகிற வேலைக்கு ஜன்னலை விட்டால் வேறு நல்ல வழி கிடையாது.

பிரிண்ட் எடுக்கிற இடத்திலும் ஒரு கண் வேண்டும். நாம் ஏ1-இல் ஒழுங்காக வைத்திருப்போம். பி.டி.எஃப். ஆக்கி அனுப்புவோம். பட்டறையில் ஏ1 பிளாட்டர் எங்கே இருக்கிறது? ஏ3-இல் 'ஃபிட்' கொடுத்து எடுப்பார்கள். ஏ1-க்கு ஏ3 என்பது நீளத்தில் சரி பாதி. 1:100 என்று எழுதியிருக்கும், பேப்பரில் இருப்பதோ 1:200. அளவைப் படிக்கணும், ஸ்கேல் வைத்து அளக்கக் கூடாது என்று நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் ஆபீஸ் பூட்டிய பிறகு, ஒரு அளவு விட்டுப்போன இடத்தில் ஃபிட்டர் என்ன செய்வார்? ஸ்டீல் ரூலைத்தான் எடுப்பார்.

அதற்கு இரண்டு சின்னப் பழக்கம் சொல்கிறேன். டைட்டில் பிளாக்கில் ஸ்கேலை எழுதும்போது '1:100, ஏ1 ஷீட்டில்' என்று சேர்த்து எழுதுங்கள். ஷீட்டின் ஒரு மூலையில் சரியாக 100 மில்லிமீட்டர் நீளத்தில் ஒரு கோடு போட்டு, '100 மி.மீ.' என்று எழுதி வையுங்கள். பிரிண்டில் அது 50 இருந்தால், பேப்பர் பாதியாகிவிட்டது என்று யாரும் சொல்லாமலே தெரியும்.

இன்னும் ஒரு வார்த்தை

இதெல்லாம் ஆட்டோகேடுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். நாளைக்கு நீங்கள் போகும் கம்பெனியில் பிரிக்ஸ்கேட் இருக்கலாம், சாலிட்வொர்க்ஸ் இருக்கலாம், வேறு ஏதாவது இருக்கலாம். பட்டன் மாறும், பெயர் மாறும். பொருளை ஒரே இடத்தில் வரைவது, வேண்டியபடி ஜன்னல் திறந்து காட்டுவது என்கிற கணக்கு மட்டும் மாறாது. எங்களிடம் இன்டர்வியூவுக்கு வருகிற தம்பிகளிடம் நான் பெரிய கேள்வி கேட்பதில்லை. ஒரு ஃபைலைக் கொடுத்து, "ஒரு ஷீட், இரண்டு ஸ்கேல், பிரிண்ட் எடுத்துக் கொடுங்க" என்பேன். அரை மணி நேரம். பேப்பர் வந்ததும் மூலையில் ரூலை வைத்துப் பார்ப்பேன். மார்க் ஷீட்டை அதற்குப் பிறகுதான் பார்ப்பது.

எனவே இந்த வாரமே ஒரு வேலை செய்யுங்கள். ஏற்கனவே வரைந்து முடித்த ஏதாவது ஒரு ஃபைல். நட்டு போல்ட்டாக இருந்தாலும் சரி, பிளம்மர் பிளாக்காக இருந்தாலும் சரி. லேஅவுட் டேபைத் திறந்து, இரண்டு ஜன்னல் வெட்டி, இரண்டு ஸ்கேல் கொடுத்து, பூட்டி, பிரிண்ட் எடுங்கள். பிறகு மாடலுக்குப் போய் ஒரே ஒரு ஓட்டையை மட்டும் இடம் மாற்றிவிட்டு, திரும்பி வந்து இரண்டு ஜன்னலையும் பாருங்கள். இரண்டிலும் மாறியிருக்கும். அதைப் பார்க்கும்போது வருகிற சந்தோஷத்தை நான் எழுதிச் சொல்ல முடியாது.

நீங்கள் போடும் ஒவ்வொரு ஷீட்டும் எங்கோ ஒரு பட்டறையில், முன்பின் பார்த்திராத ஒருவரின் கையில் விரியப்போகிறது. அவர் உங்களை நம்பித்தான் இரும்பில் மார்க்கிங் போடுவார். அந்த நம்பிக்கைக்குத் தகுந்த பேப்பரைக் கொடுங்கள்.